இன்ஜினை ஆஃப் செய்தாச்சு, ஹைட்ராலிக் அழுத்தம் போயாச்சா?

காலையில் புளோக்குக்குக் கீழே குப்பை லாரி வந்து நிற்கும் சத்தம் உங்களுக்குப் பழக்கமானதுதான். பின்பக்கம் இருக்கும் இரும்புக் கை குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும். அப்புறம் உள்ளே ஒரு தட்டு மெதுவாக நகரும். பழைய மெத்தையோ மரப்பலகையோ, எது இருந்தாலும் நசுக்கி உள்ளே தள்ளிவிடும்.

அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் கையின் ஓரத்தைக் கவனியுங்கள். பளபளவென்று ஒரு இரும்புத் தண்டு உள்ளே போய் வெளியே வரும். அதோடு இணைந்த கறுப்பு ரப்பர் குழாய்கள் தெரியும். அவ்வளவு பலமும் அந்தக் குழாய்க்குள் ஓடும் எண்ணெயிலிருந்துதான் வருகிறது. அதுதான் ஹைட்ராலிக் முறை.

கட்டுமானத் தளத்தில் மண்ணைத் தோண்டும் இயந்திரம், பாரந்தூக்கி லாரி, பிளாஸ்டிக் தொழிற்சாலையின் அச்சு இயந்திரம், எம்ஆர்டி சுரங்கம் குடையும் இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளும் கருவி என்று சிங்கப்பூரில் இது இல்லாத இடத்தைத் தேட வேண்டும். துவாஸ், ஜூரோங் பக்கம் இவற்றைப் பராமரிப்பவர்களில் தமிழ் பேசுவோர் பலர். தேசியச் சேவையில் வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவுக்கோ, ஐடிஇ, பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வேலைப் பயிற்சிக்கோ போனால் நீங்களே இதைத் தொட வேண்டி வரலாம்.

தொடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்தினால் பம்ப் நிற்கும். அழுத்தம் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஊசிக் குழாயும் பதினாறு டன்னும்

உயர்நிலைப்பள்ளி அறிவியல் வகுப்பில் இரண்டு ஊசிக் குழாய்களை ஒரு டியூபால் இணைத்துப் பார்த்திருப்பீர்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே வரும். மூடிய இடத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்ன விதி இது. 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியதும் இதே விதியை வைத்துத்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2.3 பார். தொழிற்சாலை இயந்திரங்களில் 200 பார் என்பது சர்வ சாதாரணம். பெரிய மண்தோண்டும் இயந்திரங்களில் 350 பார்கூட இருக்கும். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் போனால், பிஸ்டன் சுமார் 16 டன் எடையைத் தள்ளும். பத்துக் கார்களுக்கு மேல். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வட்டத்தில் இவ்வளவு பலம்.

அந்தப் பலம் எங்கே ஒளிந்திருக்கும்?

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பாரந்தூக்கி லாரியின் நீளமான கை, அதாவது பூம், மேலே தூக்கியபடி நிற்கிறது. அடியில் ஒரு ஹோஸ் கசிகிறது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். “அண்ணே, ஆஃப் பண்ணியாச்சு. சீக்கிரம் மாத்தி விடுங்க, பன்னெண்டு மணிக்கு அடுத்த சைட்டுக்குப் போகணும்” என்கிறார். மெக்கானிக் ஸ்பேனரோடு பூமுக்கு அடியில் குனிகிறார்.

இங்கே பம்ப் ஓடவில்லை. ஆனால் பூமின் எடை முழுவதும் சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெயின் மீது உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணெய் நகர வழியில்லாமல் அடைபட்டிருப்பதால்தான் பூம் மேலே நிற்கிறது. அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்பைக் கழற்றினால் எண்ணெய்க்கு வழி கிடைக்கும். பூம் கீழே வரும். மெக்கானிக் இருப்பதோ அதற்கு அடியில்.

பெரும்பாலான கிரேன்களில் ஹோஸ் வெடித்தாலும் சுமை விழாமல் தடுக்க, சிலிண்டரிலேயே ஒரு பூட்டு வால்வு இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நம்பி அடியில் போகக்கூடாது. கழற்றப்போவது அந்த வால்வையே என்றால்? அதன் சீலில் ஒரு துரும்பு சிக்கியிருந்தால்?

அழுத்தம் ஒளிந்திருக்கும் இரண்டாவது இடம் அக்குமுலேட்டர். பார்ப்பதற்குச் சின்ன கேஸ் சிலிண்டர் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய், நடுவில் ரப்பர் பை அல்லது பிஸ்டன். பம்ப் ஓடும்போது எண்ணெய் போய் வாயுவை அழுத்தி வைக்கும். ஹைட்ராலிக் முறையின் பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் பேங்கில் சார்ஜ் இருக்கும் அல்லவா, அதே கதைதான். இதற்குள் நைட்ரஜனைத் தவிர வேறெதையும் அடைக்கக்கூடாது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

மூன்றாவது இடத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை: வெயில். மண்தோண்டும் இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த பாறை உடைக்கும் கருவி மதியம் முழுக்க வெயிலில் கிடக்கிறது. அதன் குழாய்களுக்குள் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிய முயலும். இடமில்லை, ஆகவே அழுத்தம் ஏறும். சாயங்காலம் திரும்ப மாட்டப் போனால் இணைப்பு உட்காராது. “என்னடா இது, காலையில நல்லாத்தானே இருந்துச்சு?” என்று சுத்தியலைத் தேடுவார்கள். சுத்தியல் இதற்குத் தீர்வு இல்லை, காயத்துக்கு வழி.

பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

வரிசை முக்கியம். முதலில் தூக்கிய சுமையைத் தரைக்கு இறக்க வேண்டும். இறக்க முடியாத நிலை என்றால், அந்த எடையைத் தாங்கக்கூடிய இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கை வைத்து ஹைட்ராலிக் பூமைத் தாங்குவது முட்டுக் கொடுப்பது ஆகாது.

பிறகு இன்ஜினையோ மோட்டாரையோ நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட வேண்டும். யார் வேலை செய்கிறாரோ அவர் பெயர் எழுதிய அட்டை அதில் தொங்க வேண்டும். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும், மேசை டிராயரில் இல்லை. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு.

அதற்கு அப்புறம்தான் ஹைட்ராலிக்குக்கே உரிய வேலை வருகிறது. கட்டுப்பாட்டு லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து, குழாய்களில் மாட்டியிருக்கும் அழுத்தத்தை டேங்குக்குத் திருப்பிவிட வேண்டும். சில இயந்திரங்களில் சாவி ‘ஆன்’ நிலையில் இருந்தால்தான் லீவர் வேலை செய்யும். அதனால் இந்தப் படி பூட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எந்த லீவர், எத்தனை முறை என்பதெல்லாம் அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். அக்குமுலேட்டர் இருந்தால் அதற்கென்று இருக்கும் வால்வைத் திறந்து எண்ணெயை வடிக்க வேண்டும்.

அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்தில் நிற்கிறதா? நல்லது. ஆனால் அந்தக் கேஜ் பம்ப் பக்கம் இருந்தால், நடுவில் உள்ள ஒருவழி வால்வுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேஜை மட்டும் நம்பிக் கை வைத்து மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

“இணைப்பை மெதுவா லூஸ் பண்ணினா அழுத்தம் தானா போயிடும்” என்று சில ஒர்க்‌ஷாப்களில் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்னதையெல்லாம் செய்து முடித்த பிறகு, கடைசிச் சோதனையாக, முகத்தையும் உடலையும் ஒதுக்கிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துவது சரி. அழுத்தத்தை வெளியேற்றும் முறையே அதுதான் என்று ஆக்கிவிட்டால், ஒருநாள் அந்த நட்டு கையோடு வந்துவிடும்.

சின்னப் புள்ளி, பெரிய காயம்

ஹைட்ராலிக் வேலையில் மிக மோசமான காயங்களில் ஒன்று பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்.

ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. எண்ணெய் சொட்டவில்லை. ஆவிபோல ஏதோ தெரிகிறது, அல்லது அதுகூடத் தெரியவில்லை, ‘ஸ்ஸ்’ என்று சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, இயல்பாக நாம் என்ன செய்வோம்? சைக்கிள் டியூபில் காற்று கசியும் இடத்தைத் தேடுவதுபோலக் குழாயின் மீது கையை ஓட்டுவோம்.

200 பார் அழுத்தத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக எண்ணெய் வெளியேறினால், கணக்குப்படி அதன் வேகம் வினாடிக்கு 200 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். பயணிகள் விமானத்தின் வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மனிதத் தோலைத் துளைக்க 7 பார் அளவே போதும் என்கிறது மருத்துவ உலகில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வேலைக் கையுறை இதைத் தடுக்காது. எண்ணெய் கையுறையையும் தோலையும் சேர்த்தே துளைத்துப் போகும்.

உள்ளே போன எண்ணெய் அங்கேயே நிற்பதில்லை. விரல் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வழியாக உள்ளங்கை வரை பரவும். இடுக்கான அந்த இடத்தில் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எண்ணெயில் இருக்கும் ரசாயனங்கள் திசுக்களை அரிக்கத் தொடங்கும். ஆனால் வெளியே? குண்டூசி குத்திய மாதிரி ஒரு புள்ளி. லேசான மரத்துப்போன உணர்வு. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பெரிய வலிகூட இருக்காது.

ஆபத்தே அங்கேதான். “ஒன்னும் இல்ல, சின்னதா குத்திடுச்சு” என்று கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வார்கள். இரவு தங்குவிடுதிக்குப் போய்ப் படுத்த பிறகு கை வீங்கும், துடிக்கும். மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது நேரம் கடந்திருக்கும். இந்தக் காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்து, கையைத் திறந்து, எண்ணெயையும் இறந்த திசுக்களையும் அகற்ற வேண்டும். முதல் 6 மணி நேரத்துக்குள் அது நடப்பதற்கும் அதற்குப் பின் நடப்பதற்கும், விரல் மிஞ்சுவதில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆகவே வலி இருக்கிறதோ இல்லையோ, எண்ணெய் தோலைத் துளைத்ததாகச் சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 995. அங்கே “கையில் குத்திவிட்டது” என்று மட்டும் சொன்னால் போதாது. “உயர் அழுத்த ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது” என்று சொல்ல வேண்டும். எண்ணெயின் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கையோடு கொண்டுபோகலாம், கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலும் சரி. காயத்தை அழுத்திப் பிதுக்கக்கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எண்ணெயைப் பற்றியதில்லை. லீவு எடுத்தால் முதலாளி என்ன சொல்வார், செலவு யார் தலையில் விழும் என்ற பயம். சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உள்நாட்டு ஊழியர், வெளிநாட்டு ஊழியர் இருவருக்கும் பொருந்தும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவையும் மருத்துவ விடுப்புக்கான சம்பளத்தையும், சட்டம் சொல்லும் வரம்புக்குள், முதலாளிதான் ஏற்க வேண்டும். உங்கள் வீட்டில் இந்தத் துறையில் இருக்கும் அப்பாவோ மாமாவோ இதை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

கசிவைத் தேடத்தான் வேண்டும் என்றால் நீளமான அட்டைத் துண்டோ மரத்துண்டோ போதும். தூரத்தில் நின்று, கண்ணாடி அணிந்து, அதைக் குழாய்க்கு மேலே நகர்த்தினால் எண்ணெய் பட்ட இடம் ஈரமாகும். காசு செலவில்லாத கருவி.

எண்ணெய் ‘தே ஓ’ மாதிரி இருக்கணும்

சரி, இந்தப் பாகங்கள் ஏன் கெட்டுப்போகின்றன? பெரும்பாலும் அழுக்குதான் காரணம். அந்த அழுக்கு கண்ணுக்குத் தெரியாது.

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கூர்ந்து பார்த்தால் 40 மைக்ரான் வரை கண்ணுக்குப் புலப்படும். ஆனால் ஹைட்ராலிக் வால்வுக்குள் அசையும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சிலவற்றில் 10 மைக்ரானுக்கும் குறைவு. நம் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் எண்ணெயில் மிதக்கும் துகள்கள் அந்த இடைவெளியில் புகுந்து உப்புத்தாள்போலத் தேய்க்கும். தேய்ந்து விழும் இரும்புத் துகள் அடுத்த இடத்தைத் தேய்க்கும். எண்ணெயில் எவ்வளவு துகள் என்பதை அளக்க ஐஎஸ்ஓ 4406 என்ற அனைத்துலகத் தரம் உண்டு. மூன்று எண்களாகச் சொல்வார்கள்.

புதிதாக வாங்கிய டிரம் எண்ணெய் சுத்தமானது என்று நினைத்தால், அதுவும் முழு உண்மை இல்லை. நிரப்பும் இடம், டிரம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து அதில் துகள்களை ஏற்றிவிடும். நுட்பமான வால்வுகள் உள்ள இயந்திரத்துக்கு அது போதுமான சுத்தம் இல்லை. ஃபில்டர் பொருத்திய பம்ப் வழியாகத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். பழைய பெயிண்ட் வாளியும் புனலும் எவ்வளவு ‘டெம்பரரி’யாக இருந்தாலும் வேண்டாம்.

அழுக்குக்கு அடுத்தது தண்ணீர். சிலிண்டர் நீளும்போது டேங்கில் எண்ணெய் குறையும், அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வரும். நம் ஊர்க் காற்று எவ்வளவு ஈரமானது என்று சொல்லத் தேவையில்லை. இரவில் டேங்க் குளிரும்போது அந்த ஈரம் துளியாகி எண்ணெயில் சேரும். நல்ல எண்ணெய் ‘தே ஓ’ போலத் தெளிவாக இருக்கும். தண்ணீர் கலந்தது பால் ஊற்றிய ‘தே’ போலக் கலங்கித் தெரியும். டேங்கின் காற்றுமூடியில் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

சூடும் சேர்ந்துகொள்ளும். சூடு 10 டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. கட்டுமானத் தளத்தில் குளிர்விப்பானின் தகடுகளைச் சிமெண்டுத் தூசி அடைத்திருப்பதைப் பார்க்கலாம். அதை வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்வது பலருக்கும் சலிப்பான வேலை. பம்ப் விலையைக் கேட்டால் சலிப்பு போய்விடும்.

மெதுவா, பலமில்லையா?

இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆபரேட்டர் சொன்னால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் இதைத்தான் கேட்பார். மெதுவாகத் தூக்குகிறதா, இல்லை தூக்கவே முடியவில்லையா?

இரண்டும் வேறு வேறு. பலம் அழுத்தத்திலிருந்து வருகிறது. வேகம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்பதிலிருந்து வருகிறது. பம்ப் தேய்ந்துபோனால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பின்னால் கசியும், இயந்திரம் மெதுவாகும்.

அந்த நேரத்தில் “ரிலீஃப் வால்வைக் கொஞ்சம் டைட் பண்ணிப் பாப்போம்” என்று யாராவது சொல்வார்கள். அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் பாதுகாப்பு வால்வு அது. அதை இறுக்கினால் வேகம் கூடாது, எல்லைதான் உயரும். அடுத்து வெடிக்கப்போவது எந்த ஹோஸ் என்பது மட்டும்தான் கேள்வியாக மிஞ்சும்.

உள்கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் இடுக்கு வழியாகக் கசிந்தால் அந்த இடம் சூடாகும். கொவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே வகை வெப்பமானியின் தொழிற்சாலை வடிவத்தை வைத்து ஒவ்வொரு வால்வாகப் பார்த்தால், எது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்று தெரியும். பம்பிலிருந்து கூழாங்கல்லை அரைப்பதுபோலச் சத்தம் வந்தால், பம்புக்குப் போதுமான எண்ணெய் போகவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது.

ஹோஸை மாற்றிய பிறகு

ஹோஸின் மேல் அதன் அழுத்த அளவும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்கும். புதியது அதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். முறுக்கி மாட்டக்கூடாது. ஹோஸில் ஓடும் எழுத்துகள் சுழன்று சுழன்று போனால் முறுக்கியிருக்கிறது என்று பொருள். வெட்டி எடுத்த துண்டை மாட்டும் முன் உள்ளே ரப்பர்த் தூள் இல்லாமல் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். டேப் சுற்றுவது, கிளிப் போடுவது எல்லாம் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கு.

மாட்டியதும் டேங்கில் எண்ணெய் அளவைப் பார்த்து, பூட்டைக் கழற்றி, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட வேண்டும். சுமை இல்லாமல் சிலிண்டரை மெதுவாகச் சில முறை நீட்டி மடக்கினால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். எண்ணெய் அளவு இறங்கியிருக்கும், மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு முழு அழுத்தத்தில் வைத்து, அந்த அட்டைத் துண்டை எடுத்துப் புதிய இணைப்புக்கு மேலே நகர்த்திப் பார்க்க வேண்டும். அட்டை நனைந்தால் அங்கேயே ஸ்பேனரை வைத்து இறுக்கக்கூடாது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்: சுமையை இறக்கு, இன்ஜினை நிறுத்து, பூட்டைப் போடு.